சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சாகும் பெட்டி

ஹில்க்காவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் எனக்கு முதலில் வெட்கம்தான் வருகிறது. மற்றதெல்லாம் அப்புறம்தான். இருபத்தாறு வருஷமாகப் பியெக்சமாக்கி ரயில் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். ஆர்வோவிடம் கொடுத்தால் செத்த பெட்டியும் எழுந்து உட்காரும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, நானே கிளப்பிவிட்ட பேச்சுதான் அது. போன ஜனவரியோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஹில்க்காவுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்து நான்கு வருஷம் நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் நிற்க வேண்டும், எது போகலாம் என்று சொன்னவர். ஒரு வண்டி வந்தால் மணி, நிமிஷம் போட்டு எழுத வேண்டும். போனாலும் எழுத வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. வீட்டில் ஒரு நோட்டு வைத்திருந்தார். '7.05 காப்பி. 7.40 வாசல் பனி அள்ளியாயிற்று. 9.12 தபால்காரர்.' இப்படிப் பக்கம் பக்கமாக. முதலில் பார்த்தபோது, இந்த அம்மாவுக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். கழன்றிருந்தது வேறு இடத்தில்.

கணவர் இறந்து ஐந்து வருஷம். அன்றிலிருந்து ஹில்க்கா தன் வீட்டுச் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையைச் சூடாக்கியதே இல்லை. தனியாக உட்கார்ந்து வெந்நீராவியில் வியர்ப்பதற்கு நான் என்ன கிழங்கா என்பார். ஆறு வீடுகள் ஒட்டினாற்போல் இருக்கும் வரிசையில் அவருடையது ஐந்தாவது. மற்ற ஐந்து வீட்டிலும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மின் அடுப்பு ஏறும், கல் சூடாகும். இவர் மட்டும் குளியலறையை ஒட்டின உடை மாற்றும் அறையைக் காலி செய்து, அங்கே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆட்டம் ஆடுவார்.

சிரிக்காதீர்கள். காரணம் இருந்தது. ஒரே மகன், யூசோ. முப்பத்து நான்கு வயது, வடக்கே ரோவானியெமியில் வேலை. போனில் அவனுக்கு மூன்று சொல்தான் தெரியும்: "ம்", "நல்லாருக்கேன்", "வெச்சிடவா". எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான், என்னையும் சேர்த்து. ஆனால் அதே பையன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கை ஆட்டத்தில் இருக்கும்போது வாய் திறப்பான். ஐந்து பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கிற ஆட்டம் அது. யூசோ, அவனுடைய மூன்று நண்பர்கள், ஐந்தாவதாக இவர். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்பவர் ஹில்க்காதான். அவர் விழுந்தால் பின்னால் இருக்கும் நாலு பேரும் சட்னி.

உதிரிகளைப் பொறுக்கி எடுத்துப் பெட்டியைச் சேர்த்துக் கொடுத்தது நான். இரண்டு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. அக்டோபரில் ஆரம்பித்தது சனியன். ஆட்டத்தின் நடுவில் திரை படக்கென்று இருண்டுபோகும். உள்விசிறி நின்றுபோகும். சில நொடியில் தானே எழுந்துகொள்ளும். அதற்குள் அங்கே கோட்டை போயிருக்கும்.

ஹில்க்கா பெட்டியைச் சறுக்குவண்டியில் வைத்துப் பனியில் இழுத்துக்கொண்டே கடைக்கு வந்தார்.

"ஆர்வோ, சனிக்கிழமையானா செத்துப்போகுது."

"கம்ப்யூட்டருக்குக் கிழமையெல்லாம் தெரியாதுங்க."

"இதுக்குத் தெரியுதே. நோட்டுல எழுதியிருக்கேன், பாரு."

நான் நோட்டைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தேன். தூசி தட்டினேன், இரண்டு நாள் முழுவேகத்தில் ஓடவிட்டேன். கல்லு மாதிரி ஓடியது. சூடுதான் காரணம், ஆடும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வெளியே மைனஸ் பதினெட்டு. பாவம், கோட்டும் கம்பளிக் குல்லாவும் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறார். ஐந்தே காலுக்குப் பெட்டி செத்தது.

அடுத்து கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினேன். அதற்கடுத்து ரேம். அதற்கும் அடுத்து பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளையையே கழற்றிப் புதிதாகப் போட்டேன். ஏனென்றால் ஒவ்வொரு முறை செத்து எழும்போதும் அந்தப் பெட்டி தன் குறிப்பில் ஒரே வரியைத்தான் எழுதி வைத்திருந்தது: மின்சாரம் எதிர்பாராமல் நின்றது. அதை நான் நாலு முறை படித்தேன். நாலு முறையும் பெட்டிக்குள்ளேயே தேடினேன். சுவரைச் சந்தேகப்பட எங்கள் ஊரில் யாருக்குமே தோன்றாது. குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும், சுவரில் செருகினால் நல்ல கரண்ட் வரும். இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சொன்னார். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"பொட்டி கடிக்குதுப்பா."

"என்னது?"

"தொட்டா சுருக்குன்னு கடிக்குது. சனிக்கிழமையில."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் குளிர்காலத்தில் கடிக்காத பொருள் எது? காற்று காய்ந்து கிடக்கும். கதவுப்பிடி கடிக்கும், கார் கடிக்கும், ஸ்வெட்டரைக் கழற்றினால் பொறி பறக்கும், பெண்டாட்டிக்கு முத்தம் கொடுத்தால் மூக்கில் சுருக்கென்கும். "காஞ்ச காத்துங்க. கம்பளி சாக்ஸைக் கழட்டிட்டு வெறுங்காலோட ஆடுங்க, கடிக்காது," என்றேன். வெறுங்காலோடு! அந்த ஈரத் தரையில்! சொன்ன வாயில் மண்ணைப் போட.

நாலாவது முறை பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்கே போனேன். அன்று செவ்வாய்க்கிழமை. வாசலில் ஆறாம் வீட்டுப் பெண் பின்யா பனி அள்ளிக்கொண்டிருந்தாள். கணவன் கப்பல் வேலைக்குப் போனவன். இடுப்புயரக் குவியலை ஒற்றை ஆளாக அள்ளுகிறாள். எட்டு மாதக் குழந்தை ஹெர்த்தா எங்கள் ஊர் வழக்கப்படி வெளியே தள்ளுவண்டியில் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"தூங்குறப்ப எவ்வளவு சமத்து பாருங்க," என்றாள் பின்யா. "சனிக்கிழமை குளிக்க வெச்சா மட்டும் ஊரைக் கூட்டுறா. முன்னெல்லாம் தண்ணியப் பாத்தா கைகொட்டிச் சிரிப்பா. இப்ப ரெண்டு மூணு மாசமா தொட்டவுடனே வீல்னு கத்துறா."

"பல்லு முளைக்குதோ என்னமோ," என்றேன். எல்லாம் தெரிந்தவன் இல்லையா நான்!

உள்ளே ஹில்க்கா நோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். இந்த முறை தப்ப முடியவில்லை. '17.13 பெட்டி நின்றது. 17.14 பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகை. 17.38 பெட்டி நின்றது. 17.38 குழந்தை அழுகை.' சுவர் மெல்லியது, எல்லாம் கேட்கும். கேட்டதையெல்லாம் எழுதியிருந்தார்.

"என்ன ஹில்க்கா, குழந்தை அழுதா கம்ப்யூட்டர் நின்னுருமா? இல்ல கம்ப்யூட்டர் நின்னா குழந்தைக்குத் துக்கமா?"

"எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து பாரேன்."

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கா?"

"அப்பத்தானே சாகுது."

அவரை ஒரு மாதிரி பார்த்தேன். சனிக்கிழமை ஐந்திலிருந்து ஏழு வரை எங்கள் ஊரில் எவனும் எவன் வீட்டு மணியையும் அடிக்க மாட்டான். போன் பண்ண மாட்டான். அது சவுனா நேரம். செத்தவனே வந்து கூப்பிட்டாலும், உடம்பைத் துடைத்துவிட்டு வருகிறேன், இரு என்போம். "அந்த நேரம் மட்டும் வேணாங்க, வேற எப்ப வேணாலும் வரேன்," என்றேன். வேறு எப்போது வந்தாலும் அந்தப் பெட்டி சாகாது என்று அவர் நோட்டு சொல்லிக்கொண்டே இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவர் தன் போனையும் எடுத்துக் காட்டினார். யூசோ அனுப்பிய செய்தி. 'கேக்கப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லும்மா. கட் பண்ணாதே.'

விஷயம் இதுதான். அப்பா செத்த வாரத்தில் யூசோ ஒரே ஒருமுறை போனில் அழுதுகொண்டு பேச ஆரம்பித்திருக்கிறான். ஹில்க்காவுக்குத் தாங்கவில்லை, போனை வைத்துவிட்டார். அப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை, இவரும் பேசவில்லை. இப்போது அக்டோபரிலிருந்து, ஆட்டம் சூடுபிடித்ததும் அவன், "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பான். ஆரம்பிக்கும் நேரத்தில் பெட்டி சாகும். ஒருமுறை இல்லை, ஐந்து முறை. அவன் என்ன நினைப்பான்? அம்மா மறுபடியும் போனை வைத்துவிட்டாள் என்றுதானே நினைப்பான்?

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். நாலு தடவ ரிப்பேர் பண்ணியாச்சே, இன்னுமா கெட்டிருக்குன்னு கேக்குறான். என்ன பதில் சொல்ல? நீதான் பெட்டி நல்லாருக்குன்னு சீட்டுக் குடுத்திருக்கியே."

எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. என் சவுனாவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டி மூன்று முறை செத்தது.

ஜனவரி இரண்டாவது வெள்ளிக்கிழமை ஹில்க்கா கடைக்கு வந்தார். குல்லாவைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்கு ஒருநாள்தான் வருவானாம். அதுக்கப்புறம் ஆட்டமே வேண்டாம்ங்கிறான். நாளைக்கும் நின்னுச்சுன்னா எனக்குப் புள்ள இல்ல ஆர்வோ."

அழவில்லை அவர். எட்டாம் தண்டவாளம் காலியில்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவர் வீட்டு மணியை அடித்தபோது திருடன் மாதிரி கூசியது. வெளியே மைனஸ் இருபத்து நாலு. வரிசையில் ஐந்து குளியலறை ஜன்னல்களிலும் மங்கலான வெளிச்சம். நாலாம் வீட்டு உர்ப்போ விறகு வாசனைக்காகத் தார் எண்ணெயைத் தண்ணீரில் கலப்பவர். அந்த மணம் தெருவரை வந்தது. என் வயிறெரிந்தது.

உடை மாற்றும் அறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காலடியில் சாக்கடைத் துளையின் இரும்புச் சல்லடை. பெட்டி அதற்கு ஒரு முழம் தள்ளி. ஹில்க்கா என் யோசனைப்படி வெறுங்காலோடு இருந்தார். ஆட்டம் ஆரம்பமானது. ஸ்பீக்கரிலும் சத்தம் வர வைத்தேன்.

"உங்கம்மா இன்னைக்கும் பாதியில சவுனாவுக்குப் போயிருவாங்களாடா?" என்றான் நண்பர்களில் ஒருவன்.

"வாய மூடிட்டு ஆடு," என்றான் யூசோ.

ஹில்க்கா கேடயத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அடேயப்பா, என்ன கை! ரயில்களை நகர்த்திய கை அல்லவா? நான் மீட்டரை எடுத்தேன். பெட்டிக்குள் போகிற கரண்டை அளக்கத்தான் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறக்கும் முன், பழக்கதோஷத்தில், மீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சுவர்ப் பிளக்கில் செருகினேன்.

இருநூற்று முப்பது வோல்ட் வரவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே நிச்சயம் அது. நூற்றுத் தொண்ணூற்றாறு காட்டியது.

மீட்டர் கெட்டுவிட்டது என்று ஒரு தட்டுத் தட்டினேன். இருநூற்று ஐம்பத்தெட்டு. பிறகு நூற்று எண்பத்தொன்று. எண் குதித்துக்கொண்டே இருந்தது. கூரை விளக்கு மங்கிப் பளிச்சிட்டு மறுபடி மங்கியது. மற்ற வீடுகளில் இதைப் பார்க்க ஆள் எங்கே? எல்லோரும் அரை இருட்டில் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் தகட்டில் வைத்தேன். மறுமுனையைச் சாக்கடைச் சல்லடையில் வைத்தேன். அங்கே ஒன்றும் காட்டக் கூடாது. பூஜ்யம் காட்ட வேண்டும்.

எண்பத்து நாலு.

பெட்டியின் வெளித்தகட்டில் எண்பத்து நாலு வோல்ட். இந்த அம்மா மூன்று மாதமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், என் பேச்சைக் கேட்டு வெறுங்காலோடு.

"அம்மா," என்று ஸ்பீக்கரில் யூசோவின் குரல். "இன்னைக்காவது கேப்பியா? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆகஸ்ட்லேர்ந்து நான்..."

அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஹெர்த்தா வீலென்று கத்தினாள்.

நோட்டு, 17.13, 17.14, எல்லாம் கண்முன் வந்தது. பெட்டியில் இருக்கிற கரண்டுதான் குளியலறைக் குழாயிலும் இருக்கிறது. எல்லா வீட்டுக் குழாயிலும், எல்லா அடுப்பிலும். பின்யா ஈரத் தரையில் நின்றுகொண்டு, ஒரு கையில் குழந்தையும் மறுகையில் இரும்புக் குழாயுமாக...

"ஹில்க்கா! நியூட்ரல் போயிருச்சு! பொட்டியத் தொடாதீங்க, பிளக்கைப் பிடுங்குங்க! அந்தக் குழந்தை... குழாய்ல கரண்ட்டு!" என்ன உளறினேனோ, அவ்வளவுதான் வந்தது.

ஹில்க்கா என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "...அம்மா, கேக்குறியா?" என்றான் யூசோ.

பெட்டி அன்றைக்குச் சாகவில்லை. முதல்முறையாக அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஹில்க்காதான் எழுந்து, சுவரில் இருந்த வயரைத் தன் கையால் பிடுங்கினார். மகன் குரல் பாதியில் அறுந்தது. அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"என்ன செய்யணும்? சுருக்கமா சொல்லு."

"எல்லா வீட்டுலயும் அடுப்பை அணைக்கணும். குழாய், அடுப்பு, வாளி எதையும் தொடாம வெளிய வரணும்."

"நீ ஒண்ணுலேர்ந்து நாலு. நான் ஆறு. அவ வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு. போ!"

கோட்டை மாட்டி, நோட்டைப் பையில் செருகிக்கொண்டு அவர் ஆறுக்கு ஓடினார், நான் மற்ற வீடுகளுக்குப் பனியில் ஓடினேன். கதவு கதவாக இடித்தேன். சனிக்கிழமை ஐந்தரைக்கு! ஒன்றாம் வீட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு துண்டோடு வந்து, போர் மூண்டுவிட்டதா என்று கேட்டார்கள். இரண்டும் மூன்றும் எப்படியோ வந்தன. உர்ப்போ மட்டும் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே கத்தினார்.

"எவன்டா அவன், இந்த நேரத்துல?"

"ஆர்வோ! அடுப்புல கரண்ட்டு பாயுது, வெளிய வாங்க!"

"வீடே தீப்பிடிச்சாலும் இன்னும் ரெண்டு கரண்டி தண்ணி ஊத்திட்டுத்தான் வருவேன்."

"ஊத்துனா அதுதான்யா உங்களுக்குக் கடைசித் தண்ணி!"

அது வேலை செய்தது. எழுபது வயது உர்ப்போ ஒரு குல்லாவை மட்டும் தலையில் போட்டுக்கொண்டு பனியில் வந்து நின்றார். குல்லாவை எங்கே போட்டிருக்க வேண்டும் என்று பிறகு ஊரே சிரித்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஆறாம் வீட்டிலிருந்து சத்தமே இல்லை. குழந்தையின் அழுகையும் நின்றிருந்தது. அந்த இரண்டு வீட்டுத் தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே குளியலறை வாசலில் ஹில்க்கா நின்றுகொண்டிருந்தார். அடுப்பின் சுவிட்சை வெளியிலேயே அணைத்துவிட்டு, பின்யாவோடு பேசிக்கொண்டிருந்தார். கத்தாமல், பழைய கட்டுப்பாட்டு அறைக் குரலில்.

"பின்யா, என்னைப் பாரு. தண்ணிய மூட வேண்டாம், ஓடட்டும். கையில இருக்கிறதக் கீழ விடு. விட்டியா? குழந்தைய ரெண்டு கையாலயும் பிடி. எதையும் தொடாம ரெண்டு எட்டு வை. வா. வாம்மா."

பின்யா வந்தாள். குழந்தை அழத் தெம்பில்லாமல் விக்கிக்கொண்டு தோளில் கிடந்தது. ஹில்க்கா இரண்டு பேரையும் சேர்த்துத் தன் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் கூப்பிட்டதும் அவசர மின்பணியாளராக வந்தவள் முப்பது வயதுப் பெண். கார்க்கொட்டகையை ஒட்டின மின்பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தாள். ஆறு வீட்டுக் கரண்டும் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரைப் பிடித்திருந்த ஒரே ஒரு திருகாணி, தளர்ந்து, கரிக்கட்டையாகக் கருகியிருந்தது. திரும்ப வழியில்லாத கரண்ட்தான் வீட்டு இரும்பிலெல்லாம் ஏறியிருந்தது.

"அடுப்புல மூணு சுருளும் ஒழுங்கா இருந்தா இந்த வயருக்குப் பெரிய வேலை இல்ல. உங்க வரிசையில யாரு வீட்டிலயாவது ஒரு சுருள் செத்துக் கிடக்கா?"

கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற உர்ப்போ தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ரெண்டு வருஷமா ரெண்டு சுருள்தான். சூடு வருதே, எதுக்கு மாத்தணும்?" இரண்டாம் வீட்டுக்காரரும் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"அதான் எல்லா அடுப்பும் ஏறுற சனிக்கிழமையில மட்டும் பாரம் பூரா இந்த வயர்ல விழுந்து ஆடியிருக்கு. இன்னும் ரெண்டு மூணு சனிக்கிழமை போயிருந்தா ஸ்க்ரூ முழுசா விட்டிருக்கும். அப்ப இங்க எண்பத்து நாலு இல்ல, இருநூறு." பின்யாவின் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு அவள் அதற்குமேல் சொல்லவில்லை. "எத்தனை நாளா இப்படி இருக்கு? யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியாது. ஹில்க்கா கோட்டுப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். டார்ச் வெளிச்சத்தில் வாசித்தார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, வண்டி வந்த நேரம் வாசிக்கிற குரல்.

"அக்டோபர் பன்னிரண்டு, 17.20, பெட்டி நின்றது. அக்டோபர் இருபத்தாறு, 17.31, பெட்டி கடித்தது. ஆர்வோவிடம் சொன்னேன். காய்ந்த காற்று என்றார், வெறுங்காலோடு ஆடச் சொன்னார். நவம்பர் பதினாறு, 17.09, பெட்டி கடித்தது, குழந்தை அழுகை. ஆர்வோவிடம் சொன்னேன். வெறுங்காலோடு ஆடச் சொன்னார். டிசம்பர் ஏழு..."

அந்த மின்பணிப்பெண் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். பின்யாவும் திரும்பினாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள், என்னிடமிருந்து தள்ளி. நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? மூன்று மாதம் அந்த அம்மா மணி, நிமிஷம் போட்டு என் கையில் கொடுத்திருக்கிறார். நான் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமைவரை கரண்ட் கிடையாது என்று வரிசையையே துண்டித்துவிட்டாள். ஆளாளுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஹில்க்காவை என் வேனில் ஏற்றினேன். என் வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவர் போனை எடுத்து யூசோவைக் கூப்பிட்டார். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. "சரிதான்," என்றார். மூன்றாம் முறையும் அழுத்தினார்.

எடுத்தான்.

"யூசோ. அம்மா."

"ம்."

"இவ்வளவு நாளா நான் கட் பண்ணல. அது வயரு. இன்னைக்குத்தான், இன்னைக்கு மட்டும்தான், நானே பிடுங்கினேன். பக்கத்து வீட்டுக் குழந்தை செத்திருக்கும்டா. அதைக் காப்பாத்த ஓடணும்னு பிடுங்கினேன். அப்பா செத்தப்ப போனை வெச்சதும் நாந்தான். அது தப்பு. இப்ப நான் வேன்ல உக்காந்திருக்கேன், எங்கேயும் போகல. சொல்லு."

"வெச்சிடவா" என்று வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஆகஸ்ட்லேர்ந்து நான் வேலைக்குப் போகலம்மா," என்றான் யூசோ. "முடியல. வெளிய போகவே முடியல. சனிக்கிழமை ஒருநாள்தான் எந்திரிச்சு உக்காருவேன், உன்னோட ஆடுறதுக்கு." மூச்சு வாங்கினான். "வீட்டுக்கு வரட்டுமாம்மா? இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

எத்தனையோ முறை கேட்க வந்து, அத்தனை முறையும் அறுந்துபோன கேள்வி அது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, என் கண்ணில் தண்ணீர்.

"வீட்டுல கரண்ட் இல்ல," என்றார் ஹில்க்கா. "விளக்கு இல்ல, அடுப்பு இல்ல, திங்கட்கிழமை வரைக்கும் குளிரும். வா. காலையில முதல் வண்டியப் பிடி. ஓலுவுல வண்டி மாறணும், எதிர் பிளாட்பாரம்தான், ஓட வேண்டாம். நான் ஸ்டேஷன்ல நிக்குறேன்."

போனை வைத்துவிட்டு என்னிடம் பேனா கேட்டார். கொடுத்தேன். நோட்டை முழங்காலில் வைத்து எழுதினார். மேலே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது, படிக்க முடிந்தது.

'18.47. பெட்டியில் பழுது இல்லை. யூசோ வருகிறான்.'